கோல்ஃப் பந்தின் ஸ்பின்: எந்த கிளப்புக்கு எவ்வளவு, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சித் திடலுக்கு லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்தை அளந்து திரையில் எண்களைக் காட்டும் கருவி) வந்ததிலிருந்து, பந்து எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அடித்த கையோடு திரும்பித் திரையைத்தான் பார்க்கிறார்கள். வேகம், தூரம் இரண்டும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ‘ஸ்பின்’ என்று நாலு இலக்கத்தில் ஒரு எண் நிற்கிறதே, தகராறு அங்கேதான். நான் பயிற்சியாளர் இல்லை. 16 ஹேண்டிகேப் (சுமாரான ஆட்டம் என்று அர்த்தம்) வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவன். ஆனால் நண்பரின் லாஞ்ச் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், ஒரே சந்தேகங்களை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுக் காது பழகிவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கோல்ஃப் வழக்கப்படி தூரம் கெஜத்தில், வேகம் மணிக்கு மைலில்.

சார், முதல்ல இந்த ஸ்பின் ரேட்னா என்ன? எதை எண்ணிச் சொல்றாங்க?

பந்து கிளப் முகத்தை, அதாவது கோல்ஃப் மட்டையின் அடிக்கும் பரப்பை, விட்டுக் கிளம்பும் கணத்தில், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தில் சுழல்கிறது என்பதுதான் ஸ்பின் ரேட். அலகு ஆர்பிஎம். திரையில் 2,700 வந்தால், பந்து 2,700 தடவை சுற்றிவிட்டுத் தரையைத் தொட்டது என்று அர்த்தமில்லை. 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 45 சுற்று. டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) நன்றாக அடித்த பந்து ஆறு நொடி போல வானில் இருக்கும். போகப் போகச் சுழற்சி தளரும், நொடிக்கு ஏறக்குறைய 4 சதவீதம். விழுவதற்குள் இருநூற்று நாற்பது சுற்று வந்தால் அதிகம்.

சுழலும் திசை பின்னோக்கி. பந்தின் உச்சி உங்களை நோக்கி வருகிறது, அடிப்பகுதி இலக்கை நோக்கிப் போகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. சுழற்சி முழுவதும் அதற்குள் ஏறிவிடும். அடித்த பிறகு மணிக்கட்டை எப்படி முறுக்கினாலும் அது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

பின்பக்கமா சுத்துற பந்து வேகம் குறைஞ்சுதானே போகணும்? அது எப்படி மேல எழும்புது?

சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. பின்சுழற்சியில் பந்தின் மேல்பக்கம் எதிர்வரும் காற்றோடு சேர்ந்து ஓடுகிறது, கீழ்ப்பக்கம் அதை எதிர்த்து ஓடுகிறது. விளைவாக, பந்தைக் கடந்து போகும் காற்று பின்னால் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் பந்து மேலே தள்ளப்படும். ஜெர்மானியரான மாக்னஸ் 1852-இல் விளக்கியதால் இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் அலைவதும் இதே கதைதான்.

கோல்ஃபில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பி. ஜி. டெய்ட். 1890-களில் அவர் சொன்னது அன்றைக்குப் பலருக்குக் கசந்தது: நீளமாக அடிப்பவரின் ரகசியம் வெறும் பலம் இல்லை, பின்சுழற்சி. அது இல்லாத பந்து அத்தனை நேரம் காற்றில் நிற்காது. பந்தின் மேல் இருக்கும் குழிகளும் இதில் கூட்டாளிகள். வழவழப்பான பந்து, குழி போட்ட பந்து போகும் தூரத்தில் பாதிதான் போகும். 1848 வாக்கில் வந்த, கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்துகள் அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகு புதிதைவிட நன்றாகப் பறந்ததைப் பார்த்துத்தான் ஆட்கள் முதலில் விழித்துக்கொண்டார்கள்.

விளக்கமெல்லாம் அப்புறம். எந்த கிளப்புக்கு எவ்வளவுன்னு எண்ணைச் சொல்லிடுங்க.

சரி. வுட் தூரத்துக்கு, அயர்ன் நடுத்தரத் தூரத்துக்கு, வெட்ஜ் கிட்டத்தில் உயரமாகத் தூக்க; எண் கூடக் கூட முகம் அதிகம் சாய்ந்திருக்கும். லாஞ்ச் மானிட்டர் செய்யும் டிராக்மேன் நிறுவனம், அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களிடம் அளந்து வெளியிட்ட சராசரிகள் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. டிரைவர் 2,686. 3 வுட் 3,655. 5 வுட் 4,350. 5 அயர்ன் 5,361. 7 அயர்ன் 7,097. 9 அயர்ன் 8,647. பிட்சிங் வெட்ஜ் 9,304. பிறகு வந்த புதிய பட்டியலில் டிரைவர் 2,545-க்கு இறங்கியிருக்கிறது.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘அயர்ன் எண்ணை ஆயிரத்தால் பெருக்கு’ என்ற சூத்திரம். 6, 7, 8-க்குப் பொருந்தும். இரண்டு பக்கமும் தள்ளிப் போகப் போகத் தடுமாறும். அதைவிட முக்கியம், இது டிரைவரை மணிக்கு 113 மைல் வேகத்தில் வீசுகிறவர்களின் எண். 94 மைல் வேகத்தில் வீசும் எல்பிஜிஏ தொழில்முறைப் பெண்களின் சராசரி டிரைவருக்கு 2,600 சொச்சம், 7 அயர்னுக்கு 6,700, பிட்சிங் வெட்ஜுக்கு 8,400 போல. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பட்டியலைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, ஆனால் உண்மை அதுதான்.

லாஃப்ட் ஜாஸ்தியானா ஸ்பின் ஏன் ஜாஸ்தியாகுது?

லாஃப்ட் என்பது கிளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். கிரிக்கெட் மட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமட்டையில் நேராக வாங்கின பந்து சுழலாமல் பாய்ந்து போகும். விளிம்பில் உரசின பந்து கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு ஸ்லிப்புக்குப் போகும். அடி நேராக விழுந்தால் வேகம், சாய்வாக உரசினால் சுழற்சி. டிரைவரின் முகம் ஏறக்குறைய செங்குத்து, அதனால் பந்தை நேராக மோதுகிறது. வெட்ஜின் முகம் சாய்ந்து கிடப்பதால் பந்தை அடியிலிருந்து உரசிக்கொண்டு போகிறது.

இதை அளக்க ஸ்பின் லாஃப்ட் என்று ஒரு கணக்கு உண்டு. அடிபடும் கணத்தில் முகம் எத்தனை டிகிரி மேல்நோக்கி இருக்கிறது என்பது டைனமிக் லாஃப்ட். கிளப் தலை எத்தனை டிகிரி கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ பயணிக்கிறது என்பது அட்டாக் ஆங்கிள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்பின் லாஃப்ட். அது விரிந்தால் சுழற்சி ஏறும், சுருங்கினால் இறங்கும். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

அப்போ அயர்னைக் கீழ்நோக்கி ஓங்கி இறக்கினா ஸ்பின் கூடும், அப்படித்தானே? டிவியில அப்படித்தான் சொல்றாங்க.

நானும் இரண்டு வருடம் அப்படி நம்பித் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கணக்குப் பாருங்கள். 7 அயர்ன் முகம் 24 டிகிரியில் மேல்நோக்கி, கிளப் 4 டிகிரி கீழ்நோக்கி வருகிறது என்றால் இடைவெளி 28. அதையே செங்குத்தாக 7 டிகிரி கீழ்நோக்கி இறக்குகிறீர்கள். அப்படி இறக்கும்போது கை முன்னால் போய், முகமும் நிமிர்ந்து 21 ஆகிவிடுகிறது. இடைவெளி பழையபடி 28. சுழற்சி கூடவில்லை, பந்து தாழ்வாகப் போனதுதான் மிச்சம்.

ஆனால் கீழ்நோக்கி அடிப்பதற்கு வேறொரு பலன் உண்டு. பந்துக்கு முன்னால் தரையைத் தொடாமல், முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் புல் மாட்டாமல், சுத்தமாகப் படும். டிவியில் சொல்கிறவர்களுக்குக் கிடைப்பது அந்தச் சுத்தத்தின் சுழற்சி.

என் பொண்ணுக்கு 12 வயசு. 7 அயர்ன்ல 4,300-தான் வருது. கோச்சை மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். சுழற்சிக்கு இடைவெளி மட்டும் போதாது, வேகமும் வேண்டும். குழந்தை மெதுவாக வீசுகிறாள், அதற்கேற்ற சுழற்சி வருகிறது. வளர வளர எண் தானாக ஏறும். அவளுக்கு இப்போது பார்க்க வேண்டியது பந்து போதிய உயரம் போகிறதா என்பதைத்தான். போகவில்லை என்றால் நீள அயர்ன்களை எடுத்துவிட்டு ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்த கிளப்) கொடுங்கள். அதன் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் அதே லாஃப்டில் பந்தைச் சுலபமாகத் தூக்கும்.

புது அயர்ன் செட் வாங்கினேன். 7 அயர்ன் 20 கெஜம் கூடப் போகுது, ஆனா ஸ்பின் 5,400-க்கு விழுந்துடுச்சு. கிரீன்ல நிக்க மாட்டேங்குது.

கிளப்பின் அடியில் ‘7’ என்று பொறித்திருப்பதை நம்பாதீர்கள். பழைய காலத்து 7 அயர்ன் 34, 35 டிகிரி. தூரம் காட்டி விற்கும் இன்றைய செட்டுகளில் அதே எண் 28, 29 டிகிரிக்கு வந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது பழைய 5 அயர்ன் என்று வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்வியின் பட்டியலைப் பாருங்கள், 5,400 சரியாகப் பொருந்தும்.

கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்து நிற்பதும் நிற்காததும் ஸ்பின்னை மட்டும் பொறுத்ததில்லை. பந்து எத்தனை டிகிரியில் இறங்குகிறது என்று திரையில் இன்னொரு எண் வரும். டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் 50 டிகிரியில் இறங்கும். நமக்கு 45-க்கு மேல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். உயரமாகப் போய்ச் செங்குத்தாக விழும் 5,400, தாழ்வாகச் சீறி வரும் 6,500-ஐவிட நன்றாக நிற்கும். 40-க்குக் கீழே இருந்தால் செட்டைப் பற்றி விற்றவரிடம் பேச வேண்டிய நேரம்.

டிரைவருக்கு மட்டும் ஸ்பின் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. இதுல சந்தேகம் இல்லையே?

இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ‘லோ ஸ்பின்’ என்ற சொல் நம் ஊரில் தங்கக் காசு மாதிரி செலாவணி ஆகிறது.

மணிக்கு 115 மைல் வேகத்தில் வீசுகிறவருக்குச் சுழற்சி ஏறினால் பந்து ஆகாயத்துக்குப் போய்த் தொங்கி, நேராகக் கீழே விழும். அவர் குறைக்கத்தான் வேண்டும். 85 மைல் ஆளுக்கு நிலைமை தலைகீழ். பந்தின் வேகம் குறைவு, அதனால் அது காற்றில் நிற்பதற்குச் சுழற்சியின் தூக்கல் தேவை. அதைப் பிடுங்கிவிட்டால் பந்து பாதி வழியில் தலை குப்புற விழும். மெதுவாக வீசுகிறவர் உயரமாகக் கிளப்பி, 2,500-க்கும் 3,000-க்கும் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். நான் வீசுவது 88 மைல். ஒரு கடையில் ‘உங்களுக்கு ஸ்பின் கூட’ என்று 9 டிகிரி தலை ஒன்றைத் தலையில் கட்டினார்கள். திரையில் 1,900 பார்த்துப் பூரித்துப் போனேன். மைதானத்தில் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) பந்து தாழ்வாகக் கிளம்பி, 150 கெஜத்தில் கல் விழுந்த மாதிரி விழுந்தது. கோடையில் ஃபேர்வே (நடுவில் உள்ள குட்டைப் புல் பாதை) காய்ந்திருந்ததால் உருண்டு கொஞ்சம் மானம் காத்தது. மழைக்காலம் வந்ததும் உருளலும் போயிற்று. பழைய 12 டிகிரிக்குத் திரும்பினேன். ஸ்பின் 2,800, கேரி (பந்து காற்றில் போகும் தூரம்) 20 கெஜம் கூடுதல். டிரைவரில் ஸ்பின்னைத் தனியாகப் பார்க்கவே கூடாது. பந்து வேகம், கிளம்பும் கோணம், ஸ்பின் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே டிரைவர், ஒரே வீச்சு. ஒரு பந்துக்கு 2,200, அடுத்ததுக்கு 3,600. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் முகத்தின் வேறு வேறு இடத்தில் அடிக்கிறீர்கள். டிரைவர் தலையின் எடை மையம் முகத்துக்கு வெகு பின்னால் இருக்கிறது. நடுவுக்கு மேலே பட்டால் தலை பின்பக்கம் லேசாகச் சாய்கிறது. பல் சக்கரங்கள் ஒன்றை ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றுவது போல, முகம் அதன் எதிர்த்திசையில் பந்தைச் சுற்றப் பார்த்துப் பின்சுழற்சியைக் கழிக்கிறது. கீழே பட்டால் பின்சுழற்சி கூடுகிறது. கியர் எஃபெக்ட் என்பது இதுதான். முகத்தின் கீழ்விளிம்புப் பக்கம் பட்ட ஒரு பந்து ஆயிரம் ஆர்பிஎம் கூட்டிக்கொண்டு போவது சாதாரணம். அயர்னில் எடை முகத்தை ஒட்டியே இருப்பதால் இந்த விளையாட்டு குறைவு.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் மிளகளவு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கிளப் முகத்தைப் பார்த்தபடி டீக் குச்சியில் உட்கார வையுங்கள். அடித்ததும் முகத்தில் மை ஒட்டியிருக்கும். துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. பத்துப் பந்து அடித்து, மை பட்ட இடத்தையும் ஸ்பின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். நான் குறித்தபோது எட்டுப் பந்து நடுவுக்குக் கீழே. டீயை அரை அங்குலம் உயர்த்தினேன், எண் இறங்கியது. செலவு சுழியம்.

எனக்கு பேக்ஸ்பின் ஓகே. சைட் ஸ்பின்தான் பிரச்சினை, எல்லாம் ஸ்லைஸ். அதை மட்டும் எப்படி எடுக்கறது?

பந்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு சுழற்சி கிடையாது. ஒரு பம்பரத்துக்கு ஒரு ஆணி மாதிரி, ஒரு பந்துக்கு ஒரு அச்சு. அந்த அச்சு படுக்கையாக இருந்தால் பந்து நேராகப் போகும். வலப்பக்கம் சாய்ந்தால் மாக்னஸ் தூக்கலும் அந்தப் பக்கம் சாய்ந்து, பந்து வலப்பக்கம் வளையும். வலக்கைக்காரருக்கு அதுதான் ஸ்லைஸ். விமானம் ஒரு இறக்கையைத் தாழ்த்தித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல.

அச்சு சாய்வதற்கு முதல் காரணம், கிளப் போகும் பாதையை முகம் ஒத்துப்போகாமல் வலப்பக்கம் திறந்திருப்பது. இரண்டாவது, போன கேள்வியில் சொன்ன கியர் எஃபெக்ட் பக்கவாட்டில் வேலை செய்வது: குதிகால் பக்கம் பட்டால் ஸ்லைஸ் பக்கம், நுனிப் பக்கம் பட்டால் ஹூக் (இடப்பக்கம் வளைவது) பக்கம். அதே மார்க்கர் சோதனையில் இதுவும் தெரிந்துவிடும். ஒன்று கவனியுங்கள், அதே முகக் கோளாறு வெட்ஜில் இருந்தாலும் பந்து அவ்வளவு வளையாது. அங்கே பின்சுழற்சி பெரிது, அதனால் அச்சு சாய்வது குறைவு. ‘வெட்ஜ் நேராத்தான் போகுது, டிரைவர்தான் சரியில்ல’ என்பதன் ரகசியம் இதுதான். கோளாறு இரண்டிலும் ஒன்றே, காட்டிக்கொடுப்பது டிரைவர் மட்டும்.

ஷாஃப்ட் மாத்தினா ஸ்பின் குறையும்னு சொல்றாங்களே?

ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு, மாற்றினால் குறையலாம், இருநூறு முந்நூறு. மார்க்கர் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

ஏனுங்க, டிவியில பந்து கிரீன்ல விழுந்து அப்படியே பின்னாடி ஓடியாருதே, நமக்கு ஏன் வர மாட்டேங்குது?

கோவை நண்பர் ஒருவர் கேட்டது. அவரிடம் சொன்னதையே சொல்கிறேன். பின்னால் ஓடி வர நாலு பேர் ஒத்துழைக்க வேண்டும்: வேகம், சுத்தமான முகம், மென்மையான மேலுறை கொண்ட பந்து, ஈரப்பதமும் சரிவும் உள்ள கிரீன். டூர் போட்டிகளில் கிரீனைப் பராமரிக்க ஒரு படையே இருக்கிறது. நம் வெயிலில் காய்ந்து இறுகிய பெர்முடா புல் கிரீனில் 9,000 ஆர்பிஎம்மோடு விழுந்த பந்தும் முதலில் முன்னால் துள்ளத்தான் செய்யும். இரண்டாவது துள்ளலில் பிரேக் பிடித்து நின்றால் அதுவே வெற்றி.

தவிரவும், பின்னால் ஓடி வருவது அவர்களுக்கே பல சமயம் பிடிக்காது. கொடிக்கு ஐந்தடியில் விழுந்த பந்து இருபதடி பின்னால் போனால் யாருக்குச் சந்தோஷம்?

வெலை கூடின பந்து நிஜமாவே ஜாஸ்தி சுத்துமா, இல்ல காசு பிடுங்கறதா?

வெட்ஜில் நிஜம். விலை கூடின பந்துகளின் மேலுறை யூரித்தேன், மலிவானவற்றில் அயனோமர். யூரித்தேன் மென்மையானது, வெட்ஜ் முகத்தில் அழுந்திக் கவ்விக்கொள்ளும். அயனோமர் விறைப்பாக வழுக்கும். கிரீனைச் சுற்றி 40 கெஜ ஷாட்டில் ஆயிரம், இரண்டாயிரம் ஆர்பிஎம் வித்தியாசம் தெரியும். டிரைவரில் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அங்கே அடி பலமாக விழுவதால் மேலுறையைவிட உள்ளே இருக்கும் கருவின் குணமே பேசும்.

எனவே என் கருத்து: ஒரு ரவுண்டில் நாலு பந்து தொலைக்கிறவர் யூரித்தேன் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது, சொல்லுக்குச் சொல். இரண்டுக்குள் அடங்கினால் வாங்கலாம். எந்தப் பந்தானாலும் ஒரே வகையைத் தொடர்ந்து ஆடுங்கள். பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகளில் வரும் ஸ்பின் எண்ணை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

குரூவ் ஆழமா இருந்தாத்தானே பந்தைப் பிடிச்சுச் சுத்தும்?

பிடித்துச் சுற்றுவது முகத்தின் உராய்வு. குரூவ், அதாவது முகத்தில் வெட்டிய வரிப்பள்ளங்கள், செய்வது வேறு வேலை: மழையில் காரின் டயர் வரிகள் தண்ணீரை வெளியேற்றுமே, அதுபோலப் புல்லின் சாற்றையும் ஈரத்தையும் மண்ணையும் ஒதுக்கி, முகமும் பந்தும் ஒன்றை ஒன்று தொட விடுவது. காய்ந்த ஃபேர்வேயில் கிடக்கும் சுத்தமான பந்துக்குக் குரூவின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ரஃபில், அதாவது ஃபேர்வேயின் ஓரத்து நீளப் புல்லில்தான், அதன் அருமை தெரியும்.

அதனால்தான் கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் 2010 ஜனவரி முதல் உயர்மட்டப் போட்டிகளில் குரூவின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் கட்டுப்பாடு போட்டன. அதற்கு முன் ரஃபிலிருந்தும் ஃபேர்வேயிலிருந்து அடிப்பது போலவே பந்தை நிறுத்த முடிந்தது, ஃபேர்வேயைத் தவறவிட்டதற்குத் தண்டனையே இல்லாமல் போயிற்று. நமக்கு இதிலிருந்து பாடம் ஒன்றுதான்: குரூவில் காய்ந்த மண் அடைத்துக்கொண்டிருந்தால் அது குரூவே இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்த்துங்கள்.

காலையில முதல் மூணு ஹோல்ல மட்டும் வெட்ஜ் எல்லாம் கிரீனைத் தாண்டிப் போகுது. தூக்கக் கலக்கமா?

பனி. புல்லின் மேல் நிற்கும் ஈரம் முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் மெல்லிய படலமாகச் சிக்குகிறது. முகம் கவ்வாமல் வழுக்குகிறது. வெட்ஜின் சுழற்சி இதில் பாதியாகக்கூட விழும். பந்து வழக்கத்தைவிட உயரமாகக் கிளம்பும், விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையில் ஆடுகிறவர்களுக்கு இது நாள் முழுக்க.

ரஃபில் பாதி மூழ்கிய பந்து 8, 9 அயர்னில் திடீரென்று 15 கெஜம் கூடப் போவதும் இதன் அண்ணன்தான். ஃப்ளையர் என்பார்கள். நடுவில் புல் சிக்கிச் சுழற்சி குறைந்துவிட, பந்து தூக்கல் இல்லாமல் முன்னால் பாய்கிறது. அப்படிக் கிடந்தால் ஒரு கிளப் குறைத்து (ஒரு படி குறைவான தூரம் போகும் கிளப்பை) எடுங்கள், கிரீனின் முன்பகுதியில் விழ விடுங்கள்.

60 டிகிரி வெட்ஜ் 54-ஐ விடக் கம்மியாச் சுத்துது. நீங்க சொன்ன ஸ்பின் லாஃப்ட் கணக்கு இங்க உதைக்குதே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். நாலாவது கேள்வியில் ‘இடைவெளி விரிந்தால் சுழற்சி ஏறும்’ என்றேன். அதற்கு ஒரு எல்லை உண்டு. இடைவெளி 45, 50 டிகிரியைத் தாண்டும்போது முகம் மிகவும் படுத்துவிடுகிறது. பந்து கவ்வப்படாமல் முகத்தின் மேல் வழுக்கி ஏறிவிடுகிறது. செங்குத்துச் சுவரில் ஏணியை மிகவும் சாய்த்து வைத்தால் கால் வழுக்கிவிடும் அல்லவா, அந்த மாதிரி. ஈரமோ மலிவுப் பந்தோ சேர்ந்தால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

தேர்ந்தவர்கள் 50 கெஜத்திலிருந்து தாழ்வாகப் பறக்கவிட்டு, ஒரு துள்ளலில் சட்டென்று நிறுத்துவதை இப்போது பாருங்கள். லாஃப்டைக் கூட்டாமல், கையை முன்னால் வைத்துக் கொஞ்சம் குறைத்து, முகத்தின் சற்றுக் கீழ்ப்பகுதியில் சுத்தமாக அடிக்கிறார்கள். நாம் பந்தைத் தூக்க நினைத்து முகத்தைத் திறந்து கரண்டி போல அள்ளுகிறோம். உயரம் வருகிறது, சுழற்சி வருவதில்லை.

எதிர்க்காத்துல அடிச்சா ஸ்பின் கூடுமா? பந்து பலூன் மாதிரி மேல போகுதே.

ஸ்பின் கிளம்பும்போதே முடிவாகிவிட்டது, காற்று அதைக் கூட்டாது. ஆனால் எதிர்க்காற்றில் பந்தைக் கடக்கும் காற்றின் வேகம் கூடுகிறது, அதே சுழற்சிக்குத் தூக்கல் அதிகமாகிறது, கூடவே இழுவையும். பலமாக அடித்தால் சுழற்சியும் சேர்ந்து ஏறி நிலைமை மோசமாகும். இரண்டு கிளப் கூட எடுத்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்வது இதுதான், நமக்கு மட்டும் எதிர்க்காற்றைக் கண்டால் ரோஷம் வந்துவிடுகிறது.

ஊட்டி, கொடைக்கானல்ல ஸ்பின் மாறுமா? அங்க எல்லாமே தூரமாப் போகுதே.

எண் மாறாது, அதன் பலன் மாறும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2,100 மீட்டர் போல. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவதால் பந்து ஏழெட்டு சதவீதம் கூடப் போகும்; 150 கெஜ அயர்ன் 160-ஐத் தாண்டும். அதே சமயம் மாக்னஸ் தூக்கலும் குறைகிறது. பந்து வழக்கமான உயரத்துக்கு எழும்பாது, வளைவதும் குறையும். உங்கள் ஸ்லைஸ் மலையில் கொஞ்சம் நல்ல பிள்ளையாகும். நுவரெலியாவில் ஆடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், அளவு சற்றுக் குறைவு.

இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. தூக்கல் குறைந்த பந்து செங்குத்தாக விழாமல் தாழ்வான கோணத்தில் இறங்குகிறது. தூரம் கூடியதற்கு ஒரு கிளப் குறைத்தீர்கள், சரி. நிற்பதற்கும் கொஞ்சம் இடம் விட்டு அடியுங்கள்.

புட்டர்ல ஸ்பின் உண்டா?

கிரீனில் பந்தை உருட்டும் புட்டருக்கும் மூன்று, நாலு டிகிரி லாஃப்ட் உண்டு. பந்து முதலில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய், பிறகு புல்லின் உராய்வில் உருளத் தொடங்கும். அவ்வளவுதான்.

புது பந்து விதியில டெஸ்ட் ஸ்பின்னை 2,520-லேர்ந்து 2,200-க்குக் குறைச்சுட்டாங்களாம். ஸ்பின் குறைஞ்சா தூரம் கூடத்தானே போகும்? பந்தைக் கட்டுப்படுத்தறோம்னு சொல்லிட்டு இது என்ன கூத்து?

கூத்து இல்லை, கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் அறிவித்தது, பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் சோதனையின் நிபந்தனைகளை. இயந்திரம் பந்தை அடிக்கும் வேகம் 120 மைலிலிருந்து 125 ஆகிறது, கிளம்பும் கோணம் 10 டிகிரியிலிருந்து 11 ஆகிறது, ஸ்பின் 2,520-லிருந்து 2,200 ஆகிறது. மூன்றுமே அந்த வேகத்தில் பந்தைத் தூரம் போகவைக்கும் மாற்றங்கள். ஆனால் தாண்டக் கூடாத எல்லை மட்டும் அதே 317 கெஜம், கூட 3 கெஜம் சலுகை. தேர்வைச் சுலபமாக்கிவிட்டு மதிப்பெண் உச்சவரம்பை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? இன்றைக்குத் தேறுகிற பந்து நாளைக்கு எல்லையைத் தாண்டிவிடும். தேற வேண்டுமென்றால் தயாரிப்பவர் பந்தைச் சற்று மந்தமாக்கியே ஆக வேண்டும்.

மெஷின் வாங்க வசதி இல்ல. அது இல்லாம என் ஸ்பின்னைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

துல்லியமாக முடியாது, தோராயமாக முடியும். சொல்லப்போனால் மெஷின் இருக்கிறவர்களுக்கும் எல்லா நேரமும் துல்லியம் கிடைப்பதில்லை. ராடார் வகைக் கருவிகளை அறைக்குள் வைத்தால், பந்து வலையில் மோதுவதற்குள் சுழற்சியைப் பிடிக்க நேரம் போதாமல் சில சமயம் மற்ற எண்களிலிருந்து ஊகித்துப் போடும். பந்தில் உலோகப் பொட்டு ஒட்டச் சொல்வது அதனால்தான். கேமரா வகைக்கு இந்தச் சிக்கல் குறைவு. கருவி இல்லாதவர்கள் பந்து விழுந்து கிரீனில் பதிந்த குழியைப் பார்த்து, அங்கிருந்து பந்து ஓடிய அடிகளை எண்ணலாம். யூரித்தேன் பந்தில் வெட்ஜ் அடித்த பிறகு மேலுறையில் விரலுக்குத் தட்டுப்படும் சொரசொரப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். இருந்தால் முகம் கவ்வியிருக்கிறது.

இரண்டாவது கேள்வியில் வந்த டெய்ட் பேராசிரியரிடம் மட்டும் என்ன இருந்தது? ஒரு நீளமான நாடாவை முறுக்கில்லாமல் விரித்து, ஒரு முனையைப் பந்திலும் மறுமுனையைத் தரையிலும் கட்டினார். நல்ல ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, ஓரிரு கெஜத்தில் இருந்த களிமண் சுவரில் போய்ப் பதியும்படி பந்தை அடிக்கச் சொன்னார். பிறகு நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். ஆறடிக்கு ஒன்றிலிருந்து மூன்று முறுக்கு. நொடிக்கு 40-லிருந்து 120 சுற்று என்று கணக்கு வந்தது. அந்த 40-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,400.